பிலிமில் படம் விழுவது எப்போது?

போனில் "பிலிம் லுக்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் படம் கொஞ்சம் மஞ்சளாகும், மேலே புள்ளி விழும், ஓரத்தில் செந்நிறமாக ஒரு வெளிச்சக் கீற்று வரும். சில செயலிகள் கீறலும் போட்டுத் தரும். இவற்றில் முக்கால்வாசி, பிலிம் காலத்தில் ஸ்டூடியோக்காரர் வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்கிய குறைகள். மஞ்சள், பழைய கலர்ப் பிரதியின் சாயம் வெளிறியதால் வந்தது. செங்கீற்று, கமராவின் பின்கதவு ஒழுங்காக மூடாததால் வந்தது. கீறல், பிலிமைக் கண்டபடி கையாண்டதால் வந்தது.

இன்னொரு பக்கம், "பிலிமுக்கு உயிர் இருக்கு, டிஜிட்டலுக்கு இல்லை" என்று கதைப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பிலிமுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால், "வெளிச்சம் பட்டதும் படம் பதியும், பிறகு ஸ்டூடியோவில் கழுவுவார்கள்" என்பதோடு கதை முடிந்துவிடும்.

பிலிமில் எடுக்கவும் கழுவவும் கற்பதன் பலன் படத்தின் தோற்றத்தில் இல்லை என்பது என் கட்சி. தோற்றத்தைப் போனே தந்துவிடும். ஒரு படம் உருவாக இரண்டு வேலை நடக்க வேண்டும்: வெளிச்சம் கொடுப்பது ஒன்று, கொடுத்த வெளிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியும் படமாக வளர்ப்பது மற்றது. போனில் இரண்டும் ஒரு நொடிக்குள் நமக்குத் தெரியாமல் முடிந்துவிடுகின்றன. பிலிமில் இரண்டுக்கும் நடுவே நாட்கணக்கில் இடைவெளி விடலாம், இரண்டையும் நாமே செய்யலாம், எது பிழைத்தது என்று பிரித்தும் பார்க்கலாம். கறுப்பு வெள்ளை பிலிமை வைத்தே இதை விளக்குகிறேன். அதில் இயக்கம் ஒளிவு மறைவில்லாமல் தெரியும், வீட்டுக் குளியலறையிலும் செய்யலாம்.

பிலிம் என்ற பொருள்

35 மில்லிமீற்றர் பிலிம் ரோல் ஒன்றை இழுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். பளபளப்பது வெறும் பிளாஸ்டிக் தாங்கி. மங்கிய பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே மெல்லிய ஜெலற்றின் படலம் பூசியிருக்கும். மாட்டு எலும்பிலும் தோலிலும் இருந்து காய்ச்சி எடுப்பது அது. அந்தப் படலத்துக்குள் வெள்ளி புரோமைட்டுப் பளிங்குகள் கோடிக்கணக்கில் பரவிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். வெள்ளி என்றால் செட்டியார் தெருக் கடைகளில் கொலுசாகத் தொங்கும் அதே வெள்ளிதான், புரோமினோடு சேர்ந்து உப்பாக மாறியிருக்கிறது.

ஜெலற்றினைப் பயன்படுத்தலாம் என்று 1871இல் எழுதியவர் ரிச்சர்ட் மடொக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர். அதற்கு முன் இருந்தது ஈரத் தகட்டு முறை. கண்ணாடியில் மருந்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறிய ஜூலியா மார்கரெட் கமரன் அந்த முறையில்தான் களுத்துறையில் படம் எடுத்தார். நம் வெக்கையில் தகடு எவ்வளவு கெதியாகக் காய்ந்திருக்கும் என்று யோசித்தால், இன்று பிலிமைக் கமராவிலேயே இரண்டு வாரம் விட்டுவைக்கும் சோம்பல் எவ்வளவு பெரிய சலுகை என்று விளங்கும்.

ஷட்டர் திறந்த கணத்தில்

ஷட்டரை அழுத்தியதும் பிலிமில் படம் பதிந்துவிட்டது, அதை வெளியே எடுப்பதுதான் கழுவல் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். படம் எடுத்து இன்னும் கழுவாத பிலிமையும் பெட்டி பிரிக்காத புதுப் பிலிமையும் அருகருகே வைத்து சாதாரண நுணுக்குக்காட்டியால் பார்த்தாலும் ஒரு வேறுபாடும் தெரியாது. அப்படியானால் வெளிச்சம் என்னதான் செய்தது?

தயிர் உறைய வைக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஆயிரம் சின்னச் சட்டிகளில் பால் ஊற்றி வரிசையாக வைத்திருக்கிறீர்கள் என்று வைப்போம். அவற்றில் சிலவற்றில் மட்டும் அரைக் கரண்டி உறைமோர் விடுகிறீர்கள். விட்ட கையோடு பார்த்தால் எல்லாச் சட்டியும் பாலாகவே இருக்கும். எது உறை விழுந்த சட்டி என்று யாராலும் சொல்ல முடியாது. சூடும் நேரமும் சேர்ந்த பிறகு, உறை விழுந்த சட்டி முழுவதும் தயிராகியிருக்கும், மற்றது பாலாகவே கிடக்கும். வெளிச்சத்தின் வேலை உறை விடுவது, அவ்வளவுதான்.

உண்மையில் நடப்பது இது. வெளிச்சம் ஒரு பளிங்கில் பட்டால் அதற்குள் ஓர் இலத்திரன் கழன்று ஓடும். பளிங்கில் ஏதாவது குறைபாடு உள்ள இடத்தில் அது சிக்கிக்கொள்ளும். நேர் ஏற்றமுள்ள வெள்ளி அயன் ஒன்று அங்கே இழுபட்டு வந்து, அந்த இலத்திரனை வாங்கி வெள்ளி அணுவாகிவிடும். இப்படி ஒரே இடத்தில் நாலைந்து அணு சேர்ந்தால் போதும், அந்தப் பளிங்கு உறை விழுந்த சட்டி. பிறிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இருந்த கர்னி, மொட் என்ற இரு இயற்பியலாளர்கள் 1938இல் இதை விளக்கினார்கள். பல கோடி அயன்கள் உள்ள பளிங்கில் நாலைந்து அணு என்பது கணக்கில் சேராத தொகை, அதனால்தான் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இந்தத் தடத்துக்கு மறைபிம்பம் என்று பெயர்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: பிலிம் என்பது வெள்ளி உப்புப் பளிங்குகளைச் சுமக்கும் ஜெலற்றின் படலம். வெளிச்சம் அதில் படத்தை வரைவதில்லை. எந்தப் பளிங்கு பிறகு வெள்ளியாக வேண்டும் என்று குறி மட்டும் வைக்கிறது.

எவ்வளவு வெளிச்சம் போதும்?

வெளிச்சத்தை மூன்று விஷயம் தீர்மானிக்கும். அப்பர்ச்சர் என்பது வில்லைக்குள் இருக்கும் துவாரம். அதன் எண் பெருகப் பெருகத் துவாரம் சிறுக்கும், அதாவது எஃப் 16 சிறிய துவாரம், எஃப் 2 பெரியது. ஷட்டர் வேகம் என்பது எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. ஐஎஸ்ஓ என்பது அந்தப் பிலிம் வெளிச்சத்துக்கு எவ்வளவு எளிதில் மசியும் என்பதற்கான எண், பெட்டியிலேயே போட்டிருக்கும். டிஜிட்டலில் மூன்றையும் படத்துக்குப் படம் மாற்றலாம். பிலிமில் ரோலைப் போட்டதும் ஐஎஸ்ஓ முடிவாகிவிட்டது. 36 படத்துக்கும் அதுதான்.

லைட் மீற்றர் இல்லாமலே தொடங்க ஒரு பழைய வழி இருக்கிறது. நல்ல வெயிலில் அப்பர்ச்சரை எஃப் 16இல் வைத்து, ஷட்டரை ஐஎஸ்ஓ எண்ணுக்குக் கிட்டிய வேகத்தில் வையுங்கள். ஐஎஸ்ஓ 400 பிலிம் என்றால் 1/500 நொடி. காலிமுகத்திடலில் கடல் பளபளப்பைச் சேர்த்து எடுக்கும் மதியத்தில் எஃப் 22 சரிவரும். மேகம் மூடியிருந்தால் எஃப் 8. புறக்கோட்டைக் குறுக்குத் தெருவில் கடைகளின் தகரக் கூரை நிழலுக்குள் நின்றால் எஃப் 4. இந்த விபரத்தைப் பிலிம் பெட்டியின் உட்பக்கத்தில் சின்னச் சின்ன வெயில், மேகப் படங்களோடு அச்சடித்துத் தந்த காலமும் இருந்தது. கொஞ்ச நாளில் வீட்டுப் படியில் நின்றே "இது எஃப் 8 வெளிச்சம்" என்று சொல்லத் தொடங்குவீர்கள். பேருந்தில் இருக்கும்போதும் மனம் கணக்குப் போடும். பிலிம் கற்பதில் முதலில் கைக்கு வரும் பலன் இதுதான், கமரா கையில் இல்லாத நேரத்திலும் அது வேலை செய்யும்.

கொழும்பின் மதிய வெயில் தனிச் சிக்கல். நாம் ஏறக்குறைய 7 பாகை வடக்கில் இருக்கிறோம். ஏப்ரலிலும் செப்டெம்பரிலும் சூரியன் நேரே தலைக்கு மேல் வந்துவிடும். நெற்றியும் மூக்கும் பளிச்சிட, கண் குழி கறுத்துவிடும். அந்த நேரத்தில் வெயிலை மட்டும் பார்த்து அளந்தால் அந்தக் கண் குழிக்கு வெளிச்சம் போதாது. வெளிச்சம் போதாத இடத்தில் உறையே விழவில்லை. உறை விழாத சட்டியை எவ்வளவு நேரம் வைத்தாலும் தயிர் வராது. ஆகவே நெகற்றிவ் பிலிமில் நிழலைப் பார்த்து வெளிச்சம் கொடுக்க வேண்டும். ஒரு படி கூடுதலாகக் கொடுத்தாலும் பிலிம் பொறுத்துக்கொள்ளும், குறைத்தால் பொறுக்காது. ஒரு படி என்பது வெளிச்சத்தை இரட்டிப்பாக்குவது. டிஜிட்டலில் பழகியவர்கள் இதற்கு நேரெதிராகச் செய்து பழகியவர்கள். வெளிச்சப் பகுதி வெளுத்துவிடும் என்று பயந்து குறைத்தே எடுப்பார்கள். அவர்களுடைய முதல் பிலிம் ரோல் பெரும்பாலும் மெலிந்துதான், அதாவது கறுப்புப் போதாமல் வெளிறித்தான், வரும்.

நிறம் சாம்பலாக மாறுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில், 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசல் இருக்கிறதே, சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக, அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடைக்காது. கறுப்பு வெள்ளை பிலிமில் சாதாரணமாக எடுத்தால் சிவப்புப் பட்டை நடுத்தரச் சாம்பலாக வரும். வில்லைக்கு முன் சிவப்புக் கண்ணாடி வடிகட்டி போட்டால் சிவப்பும் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகிப் பட்டைகளே மங்கிவிடும். பச்சை வடிகட்டி போட்டால் சிவப்பு கறுத்துப் பட்டைகள் எழுந்து நிற்கும். வடிகட்டி தன் நிறத்தை உள்ளே விடும், எதிர் நிறத்தை மறிக்கும். மூன்று படம் செலவழித்து இதைச் செய்து பாருங்கள், கறுப்பு வெள்ளை என்பது நிறத்தை நீக்குவது என்ற எண்ணம் அதோடு போய்விடும். எந்த நிறம் எந்தச் சாம்பல் ஆக வேண்டும் என்று எடுப்பவரே முடிவு செய்யலாம்.

சிவப்பு விளக்கு இருட்டறை எங்கே வேண்டும்?

பிலிம் கழுவ சிவப்பு விளக்கு எரியும் அறை வேண்டும் என்று சினிமா பார்த்து நினைத்திருக்கிறோம். அந்தச் சிவப்பு விளக்கு காகிதத்தில் படம் அச்சிடுவதற்கு. கறுப்பு வெள்ளை அச்சுக் காகிதத்துக்குச் சிவப்பு தெரியாது. இன்றைய பிலிமுக்கோ எல்லா நிறமும் தெரியும். சிவப்பு விளக்கின் கீழ் பிலிமைத் திறந்தால் ரோல் முழுவதும் கறுத்துப் போகும்.

பிலிமுக்கு வேண்டியது முழு இருட்டு, அதுவும் சில நிமிடத்துக்குத்தான். கறுத்தத் துணியால் தைத்த, கைவிடும் துளையுள்ள பை ஒன்று இருக்கிறது. பிலிமையும் கழுவும் தொட்டியையும் அதற்குள் போட்டு, கையை உள்ளே விட்டு, பிலிமை வளையமான சுருளில் ஏற்றித் தொட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் முடிந்தது. தொட்டியின் மூடி வெளிச்சத்தை மறிக்கும், திரவத்தை விடும். மிச்ச வேலை முழுவதையும் குசினி மேசையில், பகல் வெளிச்சத்தில் செய்யலாம்.

கொழும்பில் இந்தக் கட்டத்தில்தான் வியர்க்கும், நிஜமாகவே வியர்க்கும். பைக்குள் இரண்டு நிமிடம் கை இருந்தால் உள்ளே ஆவி கட்டி, பிளாஸ்டிக் சுருள் ஈரமாகி, பிலிம் பாதி வழியில் சிக்கி நின்றுவிடும். பலவந்தமாகத் தள்ளினால் பிலிம் மடங்கும், மடங்கிய இடத்தில் பிறைநிலா வடிவில் கறுத்த தழும்பு விழும். சிக்கினால் எல்லாவற்றையும் தொட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்து, மின்விசிறியின் கீழ் காயவிட்டுத் திரும்பத் தொடங்குவதுதான் புத்தி. சுருள் எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும். வீணாய்ப் போன ரோல் ஒன்றை வைத்து, முதலில் கண்ணால் பார்த்தும் பிறகு கண்ணை மூடியும் பழகிவிட்டு இறங்குங்கள்.

தொட்டிக்குள் நடப்பவை

முதல் திரவம் டெவலப்பர். மறைபிம்பம் உள்ள பளிங்குகளைத் தேடிப் பிடித்து, அவற்றில் உள்ள வெள்ளி அயன்கள் முழுவதற்கும் இலத்திரன் கொடுத்து உலோக வெள்ளியாக மாற்றுவது இதன் வேலை. உயர்தர இரசாயனவியல் படித்தவர்களுக்கு, இது தாழ்த்தல் தாக்கம். நாலைந்து அணு வைத்த குறி, பல கோடி அணுவாகப் பெருகுவது இங்கேதான். நுண்ணிய வெள்ளித் துகள் கறுப்பாகத் தெரியும், ஆகவே வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும். 1927இல் வந்த கொடாக்கின் டி-76 இன்றும் பலருக்கு முதல் டெவலப்பர். உடனடிக் கோப்பித்தூள், சலவைச் சோடா, விற்றமின் சி மூன்றையும் கலந்தாலும் பிலிம் கழுவலாம். வேலை செய்யும், ஆனால் நாற்றம் வீட்டார் பொறுக்க மாட்டார்கள்.

எவ்வளவு நேரம், எத்தனை பாகை, எவ்வளவு குலுக்கல்: இந்த மூன்றும்தான் டெவலப்பரை நடத்தும் கடிவாளம். நேரம் போதாவிட்டால் பளிங்குகள் பாதியில் நின்று படம் மெலியும். நேரம் மிஞ்சினால் வெளிச்சப் பகுதி அடர்ந்துகொண்டே போகும். அதோடு, உறை விடாத பாலும் நெடுநேரம் கிடந்தால் தானே திரிவதைப் போல, வெளிச்சம் படாத பளிங்குகளும் மெல்லக் கறுக்கத் தொடங்கும். இந்தத் தேவையற்ற சாம்பல் படலத்துக்கு, மூடுபனி என்ற பொருளில், புகார் என்று பெயர்.

கையேடுகள் 20 பாகை செல்சியஸில் நேரம் சொல்லும். குளிர் நாட்டில் எழுதியவை. வெள்ளவத்தை மாடி வீட்டில் குழாயைத் திறந்தால் 28 பாகைத் தண்ணீர் வரும். மொட்டைமாடித் தாங்கியில் வெயில் ஏறிய மதியத்தில் அதைவிடச் சூடாகவும் வரும். அந்தச் சூட்டில் டெவலப்பர் பாய்ந்து வேலை செய்யும், நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போய்விடும். அவ்வளவு குறுகினால் பிலிம் முழுவதும் சீராகக் கழுவுப்படாது. ஊற்றுவதற்கும் வடிப்பதற்கும் ஆகும் நொடிகளே கணக்கைக் குழப்பும்.

நம் ஊருக்கு நடைமுறையில் சரிவருவது 24 பாகை. 20 பாகையில் 10 நிமிடம் என்று போட்டிருந்தால் 24இல் ஏறக்குறைய 7 நிமிடம். பேசினில் தண்ணீர் விட்டு, டெவலப்பர், அதன் பிறகு ஊற்றப்போகும் ஸ்டொப், ஃபிக்சர் என்ற மருந்துகள், இவற்றின் போத்தல்கள் மூன்றையும் அதில் நிற்க வைத்து, ஐஸ்கட்டியை இறுகக் கட்டிய பொலித்தீன் பையில் போட்டு நடுவே மிதக்கவிடுங்கள். ஐஸை டெவலப்பருக்குள்ளேயே போட்டால் உருகிக் கரைசல் நீர்த்துவிடும். வெப்பமானி 24ஐக் காட்டியதும் பையைத் தூக்கிவிடலாம். கடைசியாக அலசும் தண்ணீரும் இதற்குக் கிட்டவாக இருக்க வேண்டும். ஜெலற்றின் சூட்டில் உப்பும், குளிரில் சுருங்கும், திடீரென்று மாற்றினால் மேற்பரப்பு வெடித்த குளத்து மண் போலாகிவிடும்.

டெவலப்பரை ஊற்றியதும் தொட்டியை மேசையில் ஒரு தட்டுத் தட்டுங்கள், பிலிமில் ஒட்டிய காற்றுக்குமிழி கழரும். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நாலு தடவை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். ஒரு ரோலுக்கு ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் செல்லும். நேரம் முடிந்ததும் ஸ்டொப் பாத்: மிக மெல்லிய அசற்றிக் அமிலம். காரத்தன்மையுள்ள டெவலப்பரை அது அந்த இடத்திலேயே நிறுத்தும்.

அடுத்தது ஃபிக்சர், பழைய ஸ்டூடியோக்காரர் ஹைப்போ என்பார்கள். இது படத்தைப் பிலிமில் ஒட்ட வைக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. படத்தை அது தொடுவதேயில்லை. வெளிச்சம் படாமல் மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து வெளியே கொண்டுபோகிறது. இதில் உள்ள தயோசல்பேற்று வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று ஜோன் ஹேர்ஷல் 1819இலேயே கண்டிருந்தார். 20 ஆண்டு கழித்து, 1839இல் ஒளிப்படம் பிறந்தபோது அது கைகொடுத்தது. மிஞ்சிய உப்பை அகற்றாவிட்டால் வெளியே எடுத்த பிலிம் வெளிச்சத்தில் தானே கறுத்துவிடும்.

ஃபிக்சர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று அறிய, ரோலின் நுனியில் வெட்டி எடுத்த துண்டை அதற்குள் போடுங்கள். பால் போல மங்கியிருக்கும் துண்டு, ஓரத்தில் இருந்து மெல்லத் தெளிந்து கண்ணாடியாகும். எத்தனை நொடியில் தெளிந்ததோ அதன் இரண்டு மடங்கு நேரம் பிலிமுக்குக் கொடுத்தால் போதும். மிக நேரமெடுத்தால் ஃபிக்சர் களைத்துவிட்டது, புதிதாகக் கலக்க வேண்டும். எனக்கு இந்த முழு வேலையிலும் மிகப் பிடித்தது இந்தத் துண்டுதான். சொன்ன அத்தனை இரசாயனமும் விரல் நுனியில் ஒரு நிமிடத்துக்குள் நடந்து காட்டும்.

பிறகு தண்ணீர். குழாயை அரைமணி நேரம் திறந்துவிடத் தேவையில்லை. தொட்டியை நிரப்பி 5 தடவை கவிழ்த்து ஊற்றுங்கள், மறுபடி நிரப்பி 10 தடவை, இன்னொரு முறை நிரப்பி 20 தடவை. இல்போர்ட் நிறுவனம் சொல்லும் முறை இது, தண்ணீர்க் கட்டணம் கட்டுபவருக்கும் நல்லது. தூசியில்லாத குளியலறையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் சில மணி நேரத்தில் காயும், மழைக்காலத்தில் இன்னும் கூடும். பாவித்த ஃபிக்சரில் வெள்ளி கரைந்திருக்கும், அதைக் கானில் ஊற்றாமல் போத்தலில் சேர்த்து, வெள்ளி பிரித்தெடுப்பவர்களிடமோ இரசாயனக் கழிவு ஏற்பவர்களிடமோ கொடுங்கள். கையுறை போடுங்கள், டெவலப்பர் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும். சமையலுக்கு எடுக்கும் அளவுக் கோப்பையை இதற்கு எடுத்தால், அது அதன் பிறகு சமையலுக்கு இல்லை.

சுருக்கமாக: டெவலப்பர் குறி விழுந்த பளிங்குகளை வெள்ளியாக்கும், ஸ்டொப் அதை நிறுத்தும், ஃபிக்சர் குறி விழாததை அகற்றும், தண்ணீர் மருந்தை அகற்றும்.

நெகற்றிவ் கையில் வந்த பிறகு

வெளிச்சம் பட்ட இடம் கறுத்ததால் நெகற்றிவில் வானம் கறுப்பு, தலைமுடி வெளுப்பு. அதன் வழியே மறுபடி வெளிச்சத்தை விட்டுக் காகிதத்தில் எடுத்தால் எல்லாம் நேராகும். 1841இல் டல்பட் காப்புரிமை பெற்ற இந்த வழியின் பெரிய வசதி, ஒரு நெகற்றிவில் இருந்து எத்தனை பிரதியும் எடுக்கலாம் என்பது. 1983 ஜூலையில் வீட்டோடு ஆல்பமும் எரிந்த குடும்பங்களுக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. வேறொரு வீட்டில் இன்னொரு பிரதி இருந்ததா என்பதைப் பொறுத்தே தாத்தாவின் முகம் மிஞ்சியது. நெகற்றிவை ஒரு வீட்டிலும் பிரதியை இன்னொரு வீட்டிலும் வைப்பது இன்றும் நல்ல பழக்கம்.

காகிதத்தில் அச்சிட பெரிதாக்கும் கருவி வேண்டும். அது இல்லாதவர்கள் நெகற்றிவை வெள்ளை வெளிச்சப் பலகையில் வைத்து டிஜிட்டல் கமராவால் படமெடுத்துக் கணினியில் தலைகீழாக மாற்றிக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு தடவையாவது யாராவது அச்சிடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். இருட்டறையில் எவ்வளவு விளையாடலாம் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. கில்ட்ஃபோர்ட் கிரசென்ட்டில் நாடகம் பார்க்கப் போகும் அரங்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அந்த லயனல் வென்ட், பியானோக் கலைஞர், ஒளிப்படக்காரர், 1944இல் 44 வயதில் இறந்தவர். டெவலப் ஆகிக்கொண்டிருக்கும் நடுவழியில் வெளிச்சம் காட்டினால் கறுப்பு வெள்ளை பாதி புரண்டு, உருவத்தின் ஓரத்தில் கோடு இழுத்தது போல வரும். சோலரைசேஷன் எனப்படும் இதை அவர் தன் படங்களில் தெரிந்தே செய்தார். செயலியின் பொத்தான் இப்போது செய்வதை, எப்போது விளக்கைப் போட வேண்டும் என்று நொடிக் கணக்கில் அறிந்த ஒரு கை செய்தது.

கலர் பிலிமைப் பற்றிக் கொஞ்சம்

கலர் மிகக் கடினம் என்ற பேச்சு கொழும்புக்குப் பாதிதான் பொருந்தும். கலர் நெகற்றிவுக்கான சி-41 முறையில் டெவலப்பர் 38 பாகையில், 3 நிமிடம் 15 நொடி. அரைப் பாகை பிசகினாலும் நிறம் திரும்பலாம். லண்டனில் இருப்பவர் தண்ணீரை மிக நேரம் சூடாக்க வேண்டும். நமக்குக் குழாய்த் தண்ணீரோடு பத்துப் பாகை சேர்த்தால் போதும். இயக்கம் முதலில் அதேதான். வெள்ளி உருவாகும்போது பக்கத்திலேயே சாயமும் உருவாகும், கடைசியில் வெள்ளி முழுவதையும் வெளுக்கச் செய்து அகற்றிவிடுவார்கள். கலர் நெகற்றிவில் மிஞ்சுவது சாயம் மட்டும். சாயம் காலத்தோடு வெளிறும், வெள்ளி அவ்வளவு எளிதில் போகாது.

வெக்கையும் ஈரமும்

அலுமாரியில் கிடக்கும் அப்பாவின் யாஷிக்காவையோ பென்டாக்ஸையோ எடுத்துத் தொடங்குவதுதான் மலிவு. முதலில் வில்லையை ஜன்னலுக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல இருந்தால் பங்கசு, நம் ஈரத்துக்கு அது தப்பாத வியாதி. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டுக் கமராவை வையுங்கள். பிலிமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் டப்பியைத் திறக்காதீர்கள், ஒரு மணி நேரம் விட்டால் வெளிச்சூட்டுக்கு வந்துவிடும், ஈரம் படியாது. கட்டுநாயக்காவாலோ வேறு விமான நிலையத்தாலோ போகும்போது கைப்பையில் வைத்துக் கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பைகளைச் சோதிக்கும் புதுவகை சிடி (CT) எக்ஸ்ரே ஸ்கேனர்கள் பிலிமைக் கெடுக்கும்.

முதல் ரோலை வாசிப்பது

முதல் ரோலைக் கழுவிக் காயவைத்ததும் படத்தைப் பார்க்க முன் ஓரத்தைப் பாருங்கள். அங்கே பிலிமின் பெயரும் இலக்கங்களும் இருக்கும். தொழிற்சாலையிலேயே அளந்த வெளிச்சம் கொடுத்து வைத்தவை அவை. உங்கள் கமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை, உங்கள் டெவலப்பருக்கு மட்டும்தான் சம்பந்தம்.

ஓர எழுத்து நன்றாகக் கறுத்து, படம் மட்டும் மெலிந்திருந்தால், கழுவல் சரி, எடுத்தபோது வெளிச்சம் போதவில்லை. எழுத்தும் படமும் சேர்ந்தே மெலிந்திருந்தால் டெவலப்பரில் குறை: நேரம், சூடு அல்லது பழைய மருந்து. எழுத்து தெளிவாக இருந்து படங்களே இல்லாமல் ரோல் கண்ணாடி போலத் தெளிந்திருந்தால் கமராவில் பிலிம் சுற்றவேயில்லை, அடுத்த முறை ரோலைப் போட்டதும் மேலே உள்ள திருப்பும் குமிழ் கூடவே சுழல்கிறதா என்று பாருங்கள். எழுத்தும் இல்லாமல் தெளிந்திருந்தால் டெவலப்பர் செத்துவிட்டது, அல்லது ஃபிக்சரை முதலில் ஊற்றிவிட்டீர்கள். ஓரம், நடு எல்லாம் அடியோடு கறுத்திருந்தால் எங்கோ வெளிச்சம் பட்டிருக்கிறது. அப்போது தொட்டி மூடியையும் இருட்டுப் பையின் தையலையும் சோதித்துவிட்டு அடுத்த ரோலைப் போடுங்கள்.